"அழுகை இல்லாத கதையாகக் கொடுங்கள்": நூலக வாசகருக்கு மென்மையான காதல் நாவலும் குடும்பக் கதையும் பரிந்துரைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நூலக மேசைக்கு வந்து "நல்ல குடும்பக் கதையாக ஒன்று கொடுங்கள்" என்று கேட்பவருக்குக் கைக்கு எட்டிய நாவலை எடுத்துக் கொடுத்து அனுப்புவது எளிது. மூன்றாம் நாளே அதைப் பாதியில் திருப்பிக் கொண்டுவருவார். அதன் பிறகு நம்மிடம் எதையும் கேட்கமாட்டார். தானே அலமாரியில் துழாவிவிட்டு, பல நாள் வெறுங்கையோடு போவார். ஒரு கிளை நூலகத்தின் இரவல் மேசையில் இருந்த ஆண்டுகளில் நானே அப்படிக் கொடுத்திருக்கிறேன். புதிதாகப் பணிக்கு வந்தவர்களும், வாசகர் வட்டத்திலிருந்து உதவ வந்தவர்களும் அதே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

மற்ற வகை நூல்களைவிட இதில்தான் தவறு அதிகம் நேர்கிறது. போட்டித் தேர்வு நூல் கேட்பவருக்கு எந்தத் தேர்வு என்று தெரிந்தால் போதும். மென்மையான கதை கேட்பவருக்கோ தனக்கு எது வேண்டாம் என்பது நன்றாகத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் கூச்சம். ஆகவே இந்த வேலையில் வரிசை முக்கியம். வேண்டாததை முதலில் அறிய வேண்டும், புத்தகத்தை அதன் பிறகுதான் தேட வேண்டும்.

1. மேசையில் உட்காரும் முன் செய்துவைக்க வேண்டியவை

ஒரு நீளமான குறிப்பேடு, ஒரு பென்சில், நீங்களே அறிந்துவைத்திருக்கும் இருபது நாவல்கள். தொடங்க இவ்வளவு போதும்.

அட்டவணையை நம்பி இறங்க முடியாது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகத்தில் தமிழ் நாவல்கள் எல்லாமே 894.8113 என்ற ஒரே எண்ணின் கீழ் வரும். கொலைக் கதையும் கல்யாணக் கதையும் அடுத்தடுத்து நிற்கும். எது மனத்துக்கு இதமானது, எது நெஞ்சைப் பிழிவது என்று அந்த எண் சொல்லாது. அதைச் சொல்லும் அட்டவணையை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

இருபது நாவல்களைத் தேர்வு செய்ய ஒரு வழி இருக்கிறது. அலமாரியில் முதுகு வெளுத்து, மூலை மடங்கி, மறுபைண்டு செய்யப்பட்ட புத்தகங்களை எடுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் தேதித்தாளைப் பாருங்கள். முத்திரைகள் நெருக்கமாக விழுந்திருந்தால் அந்தப் புத்தகம் ஓய்வில்லாமல் வீட்டுக்கு வீடு போய் வந்திருக்கிறது. உங்கள் ஊர் வாசகரின் ருசி அங்கே அச்சாகி இருக்கிறது. நமக்குப் பிடித்தவற்றிலிருந்து தொடங்குவதைவிட அவர்களுக்குப் பிடித்தவற்றிலிருந்து தொடங்குவதே பயன் தரும்.

இன்னொரு தடயமும் உண்டு. பழைய வாசகர்கள், தாம் படித்துவிட்டோம் என்று நினைவு வைத்துக்கொள்ள, குறிப்பிட்ட ஒரு பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டமோ புள்ளியோ இடுவார்கள். எங்கள் நூலகத்தில் ஒருவர் எப்போதும் பதினேழாம் பக்கத்தின் எண்ணைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வளையம் போடுவார். நூலைக் கிறுக்குவது தவறுதான். ஆனாலும் அந்த வளையம் எந்தெந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் ஒரு வாசகரின் பத்தாண்டு வாசிப்பை நான் தெரிந்துகொண்டேன்.

2. "மென்மை" என்ற சொல்லை மூன்றாகப் பிரியுங்கள்

"டீசன்டான கதை", "நல்ல கதை", "மனசுக்கு இதமான கதை" என்று வாசகர்கள் சொல்வது ஒன்று போலத் தோன்றும். அதற்குள் மூன்று வெவ்வேறு விருப்பங்கள் இருக்கின்றன. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பரிந்துரைகள் தவறிப்போகின்றன.

முதலாவது, உடல் நெருக்கம். படுக்கையறைக் காட்சி விரிவாக வருகிறதா, கதவு சாத்தியதோடு அத்தியாயம் முடிகிறதா, கை பிடிப்பதோடு நிற்கிறதா?

இரண்டாவது, வன்முறை. இதில் கூடுதல் கவனம் வேண்டும். காதல் நாவல்களில் ஒரு பெரும்பிரிவு, நாயகியை மிரட்டி, கடத்தி, கட்டாயத் தாலி கட்டி, அறைந்து, பிறகு காதலிக்கும் நாயகனைக் கொண்டது. இணையத்தில் தொடராக எழுதிப் பிறகு அச்சில் கொண்டுவரும் எழுத்தாளர்களும் அவர்களுடைய வாசகர்களும் இதை "ஆன்டி ஹீரோ கதை" என்று வெளிப்படையாகவே அழைக்கிறார்கள். அதை விரும்பிப் படிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இதம் தேடி வந்தவர் கையில் அது போய்ச் சேரக் கூடாது. வீட்டிலேயே அடி வாங்குபவராக அவர் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தால் இந்தக் கவனம் தானாக வந்துவிடும்.

மூன்றாவது, துயரம். சாவு, நோய், குழந்தை இழப்பு, விதவைக் கோலம், தற்கொலை. இவை காதல் காட்சி ஒன்றுகூட இல்லாத, முற்றிலும் கண்ணியமான நாவல்களில்தான் அதிகம் வருகின்றன.

இந்த மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்து நடப்பதில்லை. முதல் அளவில் சுழியாக இருக்கும் நாவல் மூன்றாவதில் உச்சத்தில் இருக்கலாம். முத்தக் காட்சியை முகம் சுளிக்காமல் படிக்கும் ஒருவர், ஒரு அறை விழுந்தால் புத்தகத்தை மூடிவிடுவார். இன்னொருவருக்கு அப்படியே எதிர். எனவே ஒவ்வொரு நூலுக்கும் மூன்று எண்கள் தனித்தனியாக வேண்டும். சுழி முதல் மூன்று வரை போட்டால் போதும். அதற்கு மேல் நுணுக்கம் பயன்படாது.

3. ஒரு நாவலை இருபது நிமிடத்தில் எடைபோடும் முறை

எல்லா நாவலையும் முழுதாகப் படித்துத்தான் பரிந்துரைப்பேன் என்றால் நடக்காது. முழுதாகப் படித்தவை இருபது, எடைபோட்டவை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். எடைபோடுவதற்கு நான் பின்பற்றும் வரிசை இது.

முதலில் புத்தகத்தின் கடைசித் தாளைப் பாருங்கள், அது இருக்கிறதா என்று. நூலக நாவல்களில் முதலில் கிழிவது கடைசிப் பக்கங்கள்தான். சுப முடிவுக்காகவே முந்நூறு பக்கம் படித்தவருக்குக் கடைசி நான்கு பக்கம் இல்லாமல் போனால் அவர் அடையும் ஏமாற்றம் கொஞ்சமல்ல. வார இதழிலிருந்து வெட்டிப் பைண்டு செய்த பழைய தொடர்கதைகளில் நடுவே ஒரு வாரமே விடுபட்டிருக்கும். அத்தியாய எண்களை ஓட்டிப் பாருங்கள். பாகம் ஒன்று, இரண்டு என்று வரும் நாவல் என்றால் இரண்டும் அலமாரியில் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, கடைசி இரண்டு அத்தியாயங்களைப் படியுங்கள். முடிவு தெரிந்துவிட்டால் மற்றதை அளப்பது எளிது.

பிறகு முதல் அத்தியாயம். நடை எப்படி, பேச்சு வழக்கு எந்த ஊர், எத்தனை பாத்திரங்கள் ஒரே மூச்சில் வருகிறார்கள் என்று தெரியும்.

கடைசியாக நடுப்பகுதி. மொத்தப் பக்கத்தில் பாதியைத் தாண்டி ஓர் அத்தியாயம், முக்கால் பங்கில் ஓர் அத்தியாயம். சண்டையும் பிரிவும் வன்முறையும் இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

முதல் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு முடிவு செய்வதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. கல்கியின் "அலை ஓசை"யை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்து வீடு, இரண்டு இளம்பெண்கள், பெண் பார்க்கும் படலம் என்று அவ்வளவு கலகலப்பாகத் தொடங்கும். அதை நம்பிக் கொடுத்தால், வாசகர் அவர்களில் ஒருத்தியான சீதையின் கசந்த மண வாழ்க்கையையும், தேசப் பிரிவினையின் கொடுமைகளையும், ஒரு மரணத்தையும் கடந்து வர வேண்டியிருக்கும். 1956இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். படிக்க வேண்டிய நாவல். ஆனால் அழுகை வேண்டாம் என்றவருக்கு உரியது அல்ல.

எடைபோட்டதும் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். என் குறிப்பேட்டிலிருந்து ஒன்றை அப்படியே தருகிறேன்:

மிஸ்டர் வேதாந்தம், தேவன். தந்தை மறைந்து சொத்தும் கைநழுவிய இளைஞன் சென்னையில் எழுதிப் பிழைக்க முயல்வது. உறவுக்காரப் பெண்ணிடம் அன்பு. உடல் 0, வன்முறை 0, துயரம் 1. முடிவு சுபம். வாய்விட்டுச் சிரிக்கலாம். பழைய காலப் பிராமணப் பேச்சு, வடமொழிச் சொல் அதிகம், பொறுமை வேண்டும். கனமான புத்தகம்.

கடைசி வரியை அலட்சியப்படுத்த வேண்டாம். முழங்கை வலி உள்ளவர் படுத்துக்கொண்டே கனமான புத்தகத்தைத் தூக்கிப் படிக்க முடியாது. எழுத்து பொடியாக இருந்தால் அதையும் எழுதுங்கள். மலிவுப் பதிப்பில் அச்சு மங்கலாக இருக்கும். அதே கதை வேறு பதிப்பில் தெளிவாகக் கிடைக்கலாம்.

4. வாசகரிடம் கேட்கும் கேள்விகள், கேட்கும் வரிசை

"உங்களுக்கு என்ன மாதிரி கதை பிடிக்கும்?" என்று ஆரம்பிக்காதீர்கள். நேர்காணல் போல ஆகிவிடும். "எதுவானாலும் சரி" என்றுதான் பதில் வரும். எதுவானாலும் சரி என்றவர் எதுவானாலும் சரி என்று எண்ணி வரவில்லை.

முதல் கேள்வி, "கடைசியாக எதைப் படித்தபோது முடிந்துவிட்டதே என்று இருந்தது?" பெயர் நினைவில்லாவிட்டாலும் கதையைச் சொல்வார்கள். சொல்லும்போது எந்த இடத்தில் குரல் மலர்கிறது என்று கவனியுங்கள். ஒரே நாவலை ஒருவர் அந்தக் கணவன் மனைவிக்காக விரும்பியிருப்பார். இன்னொருவர் அதில் வந்த மாமியாருக்காக. மற்றொருவர் அந்த ஊர், தோட்டம், சமையல் இவற்றுக்காக.

இரண்டாவது கேள்வி, "எதைப் பாதியில் வைத்துவிட்டீர்கள்?" வேண்டாததைச் சொல்லக் கூச்சப்படுபவர்கூட, கைவிட்ட புத்தகத்தைப் பற்றிக் கேட்டால் தயங்காமல் பேசுவார். குற்றம் புத்தகத்தின் மீது போய்விடுகிறது அல்லவா, அதனால்.

மூன்றாவது, நீங்களே தேர்வுகளை முன்வைத்துக் கேட்பது. எங்கள் மேசையில் நடந்த பேச்சு ஒன்று:

"அம்மா, கதையில் யாராவது இறந்துபோனால் பரவாயில்லையா?"

"வேண்டாம்மா. வீட்டில் பார்த்ததே போதும்."

"சரிம்மா. சண்டை சச்சரவு இருக்கலாமா?"

"அது இல்லாத வீடு ஏது? சண்டை போட்டுச் சேர்ந்துவிட்டால் சரி."

"காதல் காட்சிகள் வந்தால்?"

அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அதெல்லாம் இருக்கலாம்மா. பேத்தி எடுத்துப் பார்க்காத மாதிரி அட்டை மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும்."

வெள்ளைச் சேலை உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசியிருந்த அந்த அம்மாவிடம் மூன்றாம் கேள்வியை நான் கேட்காமலே விட்டிருந்தால், தோற்றத்தைப் பார்த்துப் பக்திக் கதை எடுத்துக் கொடுத்திருப்பேன். அவருக்கு வேண்டியது சாவு இல்லாத காதல் கதை. தோற்றத்தை வைத்து ஊகிக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பின்னால் ஆள் நின்றால் இந்தக் கேள்விகளைக் குரல் தாழ்த்திக் கேளுங்கள், அல்லது அலமாரி வரை நடந்துபோய்க் கேளுங்கள். நின்றபடி அலமாரி பார்த்துப் பேசும்போது கூச்சம் குறைகிறது.

5. மூன்று புத்தகம் எடுங்கள்

ஒன்று மட்டும் எடுத்துக் கொடுத்தால், பிடிக்காவிட்டாலும் முகத்துக்காக வாங்கிக்கொண்டு போவார்கள். பத்து எடுத்து அடுக்கினால் மலைத்துப்போய் முதலாவதைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். மூன்று என்றால் ஒப்பிட்டுப் பார்க்கலாம், இரண்டை மறுக்கலாம். மறுப்பதற்கு இடம் இருந்தால்தான் தேர்வு அவருடையது ஆகும்.

மூன்றில் முதலாவது, அவர் விரும்பியதற்கு மிக நெருக்கமானது. ரமணிச்சந்திரனின் காதல் நாவல்களை வரிசையாகப் படித்து முடித்தவருக்கு அதே சாயலில் எழுதும் இன்னொருவர். இரண்டாவது, அவர் விரும்பிய ஓர் அம்சத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போவது. கதையைவிட அந்தக் கதை நடந்த வீட்டை ரசித்தவர் என்றால், கூட்டுக்குடும்பத்தை விரிவாகச் சொல்லும் லட்சுமியின் நாவல்களில் ஒன்று. மூன்றாவது, கொஞ்சம் எட்டி இருப்பது. காதலே இல்லாமல் பெண்களின் வாழ்க்கையை மட்டும் தொடரும் கதை, அல்லது ஆர். சூடாமணியின் சிறுகதைத் தொகுதி போல மெல்லிய குரலில் ஆழமாகப் போவது. மூன்றாவதை வற்புறுத்தாதீர்கள். பல மாதம் அது திரும்பத் திரும்ப மேசையிலேயே தங்கிவிடும். ஒருநாள் எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஓர் எழுத்தாளரின் பெயரையே உத்தரவாதமாகக் கொள்வதில் ஆபத்து இருக்கிறது. சிவசங்கரியின் "பாலங்கள்" மூன்று தலைமுறைப் பெண்களின் வாழ்க்கையைச் சொல்வது. குடும்பக் கதை கேட்பவர்களுக்கு நான் நம்பிக் கொடுப்பது. அதே எழுத்தாளரின் "ஒரு மனிதனின் கதை" குடிக்கு அடிமையாகிறவனைப் பற்றியது. "47 நாட்கள்" திருமணமாகி வெளிநாடு போன பெண், கணவனுக்கு ஏற்கெனவே இன்னொரு மனைவி இருப்பதை அறிந்து படும் அவதி. மூன்றிலும் குடும்பம் இருக்கிறது. மூன்றும் ஒரே வாசகருக்கு ஒரே மாலையில் ஏற்றவை அல்ல. மதிப்பெண்ணை நூலுக்குப் போடுங்கள், எழுத்தாளருக்குப் போடாதீர்கள்.

6. புத்தகத்தை எப்படிச் சொல்லிக் கொடுப்பது

இரண்டு வாக்கியம். யார், எந்தச் சிக்கலில் என்று ஒன்று; படித்து முடித்தால் மனம் எப்படி இருக்கும் என்று ஒன்று. "இருவருக்கும் வீட்டார் அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்துவிடுகிறார்கள், பிறகுதான் ஒருவரை ஒருவர் அறிகிறார்கள். சண்டை வரும், ஆனால் கை ஓங்குவதில்லை, முடிவு நிறைவாக இருக்கும்." இதற்கு மேல் கதை சொன்னால் படிக்கும் சுகம் போய்விடும்.

முடிவைச் சொல்லலாமா என்று புதியவர்கள் எப்போதும் கேட்பார்கள். நிகழ்ச்சியைச் சொல்லாதீர்கள், முடிவின் தன்மையைச் சொல்லியே ஆக வேண்டும். இதை நான் கற்றுக்கொண்ட விதத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாரம் தவறாமல் வருவார். இடையில் இரண்டு மாதம் வரவில்லை. திரும்பி வந்தபோது, தூய்மையான காதல் கதையாக, பழைய நடையில் ஒன்று வேண்டும் என்றார். நா. பார்த்தசாரதியின் "குறிஞ்சி மலர்" நினைவுக்கு வந்தது. மதுரையில், தமிழறிஞரான தந்தையை இழந்து தம்பி தங்கையரைக் காக்கும் பூரணி; அவள் மீது மதிப்பு வைத்த அரவிந்தன். உடல் நெருக்கத்துக்குச் சுழி, வன்முறைக்கும் ஏறக்குறையச் சுழி. அந்த இருவரின் பெயர்களைத் தம் பிள்ளைகளுக்கு வைத்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். மகிழ்ந்துபோவார் என்று எண்ணினேன். அந்த இரண்டு மாதத்தில் அவர் கணவர் காய்ச்சலில் இறந்துபோனது எனக்குத் தெரியாது. நாவலில் அரவிந்தனும் இறந்துபோகிறான் என்பது படித்தவர்களுக்குத் தெரியும்.

புத்தகம் ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. முக்கால் பங்கு தாண்டிய ஓரிடத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. அதற்கு மேல் படிக்கவில்லை. "முன்பு ஒருமுறை படித்திருக்கிறேன், முடிவு மறந்துபோயிருந்தது, பக்கம் நெருங்க நெருங்க நினைவு வந்துவிட்டது" என்று மட்டும் சொன்னார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அந்தப் பஸ் டிக்கெட்டை நான் இன்னும் குறிப்பேட்டில் வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து இரண்டு பழக்கங்கள். நெடுநாள் வராமல் இருந்து வருபவரிடம், புத்தகம் பேசும் முன் "எப்படி இருக்கிறீர்கள், வீட்டில் எல்லோரும் சுகமா?" என்று கேட்டுவிடுகிறேன். அடுத்து, துயர எண் இரண்டுக்கு மேல் உள்ள எந்த நாவலையும் "முடிவில் மனம் கனக்கும்" என்று சொல்லாமல் கொடுப்பதில்லை. சொன்ன பிறகும் சிலர் எடுத்துக்கொண்டு போவார்கள். தெரிந்து போவது வேறு.

7. திரும்பத் திரும்ப நடக்கும் பிழைகள்

தலைப்பை நம்புவது. தி. ஜானகிராமனின் "அம்மா வந்தாள்" என்ற பெயரைப் பார்த்து, பாசக் கதை என்று எண்ணி எடுத்துக் கொடுத்த உதவியாளரை எனக்குத் தெரியும். தாயின் மணவாழ்க்கைக்கு வெளியே உள்ள உறவை மகன் எதிர்கொள்வது அந்த நாவலின் மையம். பெரும் படைப்பு, ஆனால் வாங்கிப்போனவர் எதிர்பார்த்தது வேறு. அட்டைப் படமும் அப்படித்தான். கொலைக் கதைக்கும் காதல் கதைக்கும் ஒரே பெண் முகம் வரைந்த அட்டைகள் மாத நாவல்களில் ஏராளம்.

பழையது என்றால் மென்மையானது என்று கொள்வது. அறுபது ஆண்டுக்கு முந்தைய நாவலில் படுக்கையறை இராது. வரதட்சணைக் கொடுமை, குழந்தை மணம், விதவையை வதைப்பது, சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் பேச்சு இவையெல்லாம் இயல்பாக வந்துபோகும். அந்தச் சொற்கள் யாரைத் தைக்கும் என்று யோசித்துவிட்டுக் கொடுங்கள்.

"இதையே எத்தனை நாள் படிப்பீர்கள், இலக்கியம் படியுங்களேன்" என்பது. இதைச் சொல்பவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் கேட்பவருக்கு அது, தான் படிப்பது மட்டம் என்ற தீர்ப்பாகத்தான் விழும். காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டி, எல்லோரையும் அனுப்பிவிட்டு, மதியம் கிடைக்கும் முக்கால் மணி நேரத்தில் ஒருவர் எதைப் படிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை நமக்கு இல்லை. இந்த ஒரு வாக்கியத்தால் நூலகத்துக்கு வருவதையே நிறுத்தியவர்கள் உண்டு. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

பெண்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணுவது. காதல் நாவல் படிக்கும் ஆண்கள் நிறையப் பேர். "மனைவிக்கு" என்று சொல்லி எடுத்துப்போவார்கள். அப்படியே இருக்கட்டும், "உங்களுக்கா?" என்று சிரிக்காதீர்கள். இரண்டு வாரம் கழித்து "அவளுக்குப் பிடித்திருந்தது, அடுத்த பாகம் இருக்கிறதா?" என்று கேட்பார். எடுத்துக் கொடுங்கள்.

பள்ளி மாணவிகள் கேட்டால் மூன்று எண்களையும் ஒருமுறை கூடுதலாகப் பார்த்துக் கொடுங்கள். குறிப்பாக இரண்டாவது எண்ணை. அடிப்பதைக் காதலாகக் காட்டும் கதை அந்த வயதில் வேறு விதமாக மனத்தில் தங்கும்.

8. வராத வாசகருக்குத் தேர்ந்தெடுப்பது

படி ஏற முடியாத அம்மாவுக்காக மகன் வருவார். பாட்டிக்காகப் பேத்தி வருவாள். "ஏதாவது கதைப் புத்தகம்" என்பார்கள். அவர்களிடம் நான்காம் பகுதியின் கேள்விகளைக் கேட்டுப் பயனில்லை, அவர்களுக்குத் தெரியாது.

ஒரு துண்டுத்தாளில் மூன்று கேள்விகளை எழுதிப் புத்தகத்துக்குள் வைத்து அனுப்புங்கள். கடைசியாகப் பிடித்தது எது, எது வேண்டாம், எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா? முதல் முறை மட்டும் துயரமும் வன்முறையும் சுழியாக உள்ள, மெலிந்த, எழுத்துப் பெரிதான ஒன்றைக் கொடுங்கள். துண்டுத்தாள் பெரும்பாலும் திரும்பி வரும். நடுங்கும் கையெழுத்தில் ஒரு முழுப் பக்கம் எழுதி அனுப்பியவர் உண்டு. முப்பது ஆண்டுக்கு முன் வார இதழில் வாரந்தோறும் வெட்டிச் சேர்த்த ஒரு தொடர்கதையின் பெயர் தெரியாமல், அதன் கதையை எழுதியிருந்தார்.

கண் பார்வை குறைந்தவருக்கு வீட்டில் யாராவது வாய்விட்டுப் படித்துக் காட்டுவார்கள் என்றால் அதையும் கேட்டு அறியுங்கள். பேரன் பாட்டிக்குப் படித்துக் காட்டும் நாவலில் முதல் எண் சுழியாக இருந்தாக வேண்டும், இருவருக்குமே சங்கடம் இல்லாமல் இருக்க. அத்தியாயங்கள் சிறியவையாக இருப்பது நல்லது. ஒருநாளைக்கு ஒன்று என்று நிறுத்த வசதி.

9. புத்தகம் திரும்பி வரும்போது

"பிடித்திருந்ததா?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்பார்கள். மரியாதைக்குச் சொல்வது. அதிலிருந்து ஒன்றும் தெரியாது. "எந்த இடத்தில் வேகம் குறைந்தது?" என்றோ, "யாரைப் பிடிக்கவில்லை?" என்றோ கேளுங்கள். "அந்த நாத்தனாரைத்தான் தாங்க முடியவில்லை" என்று பேச ஆரம்பித்துவிட்டால் அடுத்த மூன்று புத்தகங்களுக்கு வழி கிடைத்துவிடும்.

உங்கள் மதிப்பெண் தவறு என்று தெரிந்தால் அங்கேயே திருத்துங்கள். துயரம் ஒன்று என்று நான் போட்டதை வாசகர்கள் இருவர் மூன்றாக்கியிருக்கிறார்கள். நாயகியின் தந்தை சாகும் காட்சி அரைப் பக்கம்தானே என்று எண்ணியிருந்தேன்.

குறிப்பேட்டில் வாசகரின் பெயரை எழுதாதீர்கள். எனக்குப் புரியும் ஓர் அடையாளம் மட்டும் போடுகிறேன்: "மல்லிகை", "குடை", "செவ்வாய் காலை". யார் என்ன படிக்கிறார் என்பது அவருக்கும் நமக்கும் இடையே இருக்க வேண்டியது. சிறிய ஊரில், மறுமணக் கதையாகக் கேட்டு வாங்கும் ஒரு பெண்ணைப் பற்றி என்னென்ன பேச்சு கிளம்பும் என்று உங்களுக்கே தெரியும். வாசகர் வட்டக் கூட்டத்தில்கூட "இவர் இதை விரும்பிப் படித்தார்" என்று பெயர் சொல்லிப் பேசாதீர்கள். அவரே சொன்னால் சொல்லட்டும்.

10. கேட்டது இல்லாதபோது

இல்லை என்று சொல்லும் முன் மூன்று இடம் பாருங்கள்: திரும்பி வந்து இன்னும் அடுக்கப்படாத குவியல், பைண்டிங்குக்கு ஒதுக்கிய கட்டு, நன்கொடையாக வந்து பதிவுக்குக் காத்திருக்கும் பெட்டி. குடும்ப நாவல்கள் அதிகம் கிழிவதால் பைண்டிங் கட்டில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

அங்கும் இல்லை என்றால் வாசகர் பரிந்துரைப் பதிவேட்டில் அவரையே அவர் கையால் எழுதச் சொல்லுங்கள். நூல் வாங்கப் பட்டியல் தயாராகும்போது வாசகர் கேட்டது என்று காட்ட அது உதவும். எழுதத் தயங்குபவர் சார்பில் நீங்கள் எழுதினால், நூலின் பெயரோடு பதிப்பகத்தையும் தெரிந்தவரை குறித்துவையுங்கள். ஒரே தலைப்பில் இரண்டு மூன்று பேர் நாவல் எழுதியிருப்பது இந்த வகையில் சர்வசாதாரணம்.

எழுதிக்கொண்ட பிறகு வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். ஐந்தாம் பகுதியின் மூன்று புத்தகங்களை எடுத்து மேசையில் வையுங்கள். கடைசித் தாள் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு.